துரைசாணி சொன்ன வாக்கியத்தில் ஆப்ஜெக்ட் இல்லை

பதினாறு வயதில் எனக்கு இங்கிலீஷ் கிராமர் அத்துப்படி. இங்கிலீஷ்தான் தெரியாது.

நான் தன்னடக்கத்தில் சொல்வதாகக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சத்தியமாக இல்லை. ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் ஹைஸ்கூலில் நாங்கள் இங்கிலீஷ் படித்த லட்சணம் அப்படி. டீச்சர் இங்கிலீஷைத் தமிழில்தான் நடத்துவார். போர்டில் ஒரு வாக்கியத்தை எழுதிப் போட்டதும் வகுப்பே கறிக்கடைக்காரர் மாதிரி அதன்மேல் பாயும். இது சப்ஜெக்ட், இது வெர்ப், இது ஆப்ஜெக்ட் என்று ஐந்தே நிமிஷத்தில் துண்டு போட்டுத் தொங்கவிட்டுவிடுவோம். உயிரோடு ஒரு வாக்கியம் எதிரே நடந்து வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் புத்தகத்தில் ராமன் என்று ஒருவன் இருந்தான். இரண்டு வருஷமாக ஒரே மாம்பழத்தைத் தின்றுகொண்டிருந்தான். நேற்றுத் தின்றான், இன்று தின்கிறான், நாளைக்குத் தின்பான். பாஸிவ் வாய்ஸ் பாடம் வந்ததும் மாம்பழம் அவனால் தின்னப்பட்டது. (இனிப்பா புளிப்பா என்று கடைசிவரை தெரியவில்லை.) இந்த விளையாட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. எந்த வினைச்சொல்லைக் கொடுத்தாலும் பன்னிரண்டு டென்ஸிலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினேன். கட்டுரையும் கடிதமும் மனப்பாடம், கிராமர் அத்தனையும் சரி. வேறென்ன வேண்டும்?

தலைக்கனம் ஏறிவிட்டது. வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பெயர் வைக்க ஆரம்பித்தேன். "லூர்து, எந்திரிச்சு வந்து சோத்தப் போடு" என்று அம்மா ஒருநாள் கூப்பிட்டபோது, "இது இம்பெரடிவ் மூட்" என்றேன்.

"மூடா? மொதல்ல வாய மூடு. அப்பறம் வந்து சோத்தப் போடு" என்றாள் அம்மா.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரி வேலை. பேகம்பூர் பக்கம் குடியிருந்த ஒரு ராவுத்தருடைய டேனரி அது. அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஆவாரம்பட்டை வாசனை நுழைந்துவிடும். மகள் முதல் மார்க் வாங்கியதில் அவருக்கு ஒருபக்கம் பெருமை, இன்னொரு பக்கம் பயம். மதுரைக்குப் போய் காலேஜில் சேருகிறேன் என்று நான் ஆரம்பித்தால், "படிச்சது போதும்த்தா. ஒட்டன்சத்திரத்துல ஒங்க மாமன் மகன் காத்துக்கிட்டிருக்கான்" என்று முடித்துவிடுவார். மாமன் மகன் தக்காளி மண்டி வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவர் பேசியது தக்காளியைப் பற்றி மட்டுமே. எனக்கு அழுகையாக வந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் மதியம், அப்பா சாப்பிட வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் நின்றார்.

"லூர்து, லண்டன்லேர்ந்து தோல் வாங்குற துரை நாளைக்கு நம்ம மொதலாளி வீட்டுக்கு விருந்துக்கு வாராராம். கூட அவரு சம்சாரமும் வருது."

"சரிப்பா."

"துரைகிட்டப் பேசுறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஏஜெண்ட் ஒருத்தரு வந்திருக்காரு. ஆனா துரைசாணி உள்ள, பொம்பளைங்க பக்கம் போயிரும்ல? அங்க எந்த ஆம்பளையும் போக முடியாது. இங்கிலீஷ் தெரிஞ்ச பொம்பளப் புள்ள வேணும். கதீஜாம்மா ஒன்னயத்தான் கேட்டு விட்டுருக்காக."

கதீஜாம்மா ராவுத்தரின் மனைவி. ஏழு பிள்ளை பெற்றவர். திரைக்குப் பின்னால் இருந்தபடியே வீட்டையும் பாதி டேனரியையும் நடத்துபவர். அவர் சொன்னால் ராவுத்தர் கேட்பார். ராவுத்தர் சொன்னால் அப்பா கேட்பார். என் மூளைக்குள் உடனே ஒரு விளக்கு எரிந்தது. அன்று சாயங்காலமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"நாளைக்கு நான் நல்லபடியாப் பேசிட்டா, என்னைய மதுரையில சேக்கச் சொல்லி அப்பாட்டச் சொல்லுவீங்களா?"

கதீஜாம்மா வெற்றிலையை மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "துரை இந்தத் தடவ பெரிய சரக்குக் கேட்டுருக்காராம். துரைசாணி மொகம் கோணாமப் போனாத்தான் துரையும் கோணாமப் போவாரு. நீ அதைப் பாத்துக்க. ஒங்கப்பனை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலையில் எழுந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டைவரை புரட்டினேன். அட்வெர்ப் எத்தனை வகை, ஸென்டென்ஸ் எத்தனை வகை, எல்லாம் தலைகீழ்ப் பாடம். கஞ்சி போட்ட வெள்ளைத் தாவணியைக் கட்டிக்கொண்டு நான் கிளம்பியபோது நாகல் நகரில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "லூர்து இங்கிலீஷ் பேசப் போறாளாம்!" நான் கல்யாணப் பெண்போல் தலையைக் குனிந்துகொண்டு போனேன். உள்ளுக்குள் ஒரு பேண்டு வாத்தியமே வாசித்துக்கொண்டிருந்தது.

கொடைக்கானலில் தங்கியிருந்த துரையும் துரைசாணியும் மலையிறங்கி நேரே அங்கே வந்தார்கள். கார் சத்தம் கேட்டதும் உள்கட்டில் மருமக்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் நடையில் தொங்கிய பச்சைத் திரை விலகியது. துரைசாணி உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மூக்கின்மேல் சின்னச் சின்னப் புள்ளிகள், நீலப் பூப்போட்ட கவுன், களைத்த முகம். முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அது காற்றில் பறந்த வேகத்தில் எனக்கு "வாட் எ" என்பது மட்டும்தான் பிடிபட்டது. போதாதா? புத்தகத்தில் முப்பத்திரண்டாம் பக்கம்!

"என்னத்தா சொல்லுது?" என்றார் கதீஜாம்மா.

"எக்ஸ்க்ளமேட்டரி ஸென்டென்ஸ் சொல்றாங்கம்மா. அதாவது, ஆச்சரியப்படுறாங்க."

"எதப் பாத்து?"

"அது தெரியலம்மா. ஆனா கடைசியில ஆச்சரியக்குறி இருக்கு."

கதீஜாம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "சரி, ஒக்காரச் சொல்லு" என்றார்.

இது எனக்குத் தெரியும்! கட்டளை வாக்கியம். வெர்ப் முதலில் வர வேண்டும். நான் நிமிர்ந்து நின்று, துரைசாணியைப் பார்த்து உரக்க, "சிட்!" என்றேன்.

துரைசாணி திடுக்கிட்டாள். நாய்க்குச் சொல்வதுபோல் ஆகிவிட்டதோ என்று எனக்கே தோன்றியது. கட்டளை வாக்கியத்தில் சப்ஜெக்ட் மறைந்திருக்கும் என்று படித்தது ஞாபகம் வந்தது. அதை வெளியே எடுத்துவிட்டால் மரியாதையாகிவிடும் என்று நினைத்து, விரலை நீட்டி, "யூ சிட்!" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். மருமக்கள் கையைத் தட்டாத குறை. "பாத்தியாடி, சொன்ன ஒடனே ஒக்காந்துருச்சு!" என் மார்பு ஓரங்குலம் விரிந்தது.

அப்புறம் சாப்பாடு வந்தது. சீரகச் சம்பா பிரியாணி, தாளிச்சா, வறுத்த கோழி, முட்டை, கத்தரிக்காய் வெஞ்சனம், பாயாசம். தேக்சாவின் மூடியைத் திறந்ததும் கிளம்பிய ஆவியில் எங்கள் எல்லோருக்கும் நாக்கில் நீர் ஊறியது. துரைசாணி மட்டும் கைக்குட்டையை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டாள். (வாசனையை நன்றாக இழுக்கிறாள் என்று நினைத்தேன்.) இரண்டு வாய் சாப்பிட்டாள். தட்டைத் தள்ளிவைத்தாள். அடிவயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"ஐ கான்ட். ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்."

மெதுவாகச் சொன்னதால் ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் எனக்கு நேரில் கிடைத்துவிட்டது! சந்தோஷத்தோடு அதைத் துண்டு போட ஆரம்பித்தேன்.

முதலில், "கான்ட்". எங்கள் டீச்சர் "கேன்", "கேனாட்" என்று இரண்டுதான் சொல்லித்தந்திருந்தார். வார்த்தையைச் சுருக்கிப் பேசுவது சோம்பேறிகள் வேலை என்பது அவர் கட்சி. ஆகவே இது "கேன்"தான். முடியும் என்கிறாள். அடுத்து, "ஆம் எக்ஸ்பெக்டிங்". பிரஸண்ட் கன்டினியுவஸ் டென்ஸ். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி, எதை? எக்ஸ்பெக்ட் என்பது ட்ரான்ஸிட்டிவ் வெர்ப். அதற்கு ஆப்ஜெக்ட் கட்டாயம் வேண்டும். துரைசாணியின் வாக்கியத்தில் ஆப்ஜெக்ட் இல்லை! வெள்ளைக்காரி, தன் சொந்த பாஷையில், கிராமர் மிஸ்டேக் விடுகிறாள். எனக்குப் புல்லரித்துப்போனது.

விட்டுப்போன இடத்தை நிரப்புவதில் எனக்குச் சமானம் யார்? கோடிட்ட இடத்தை நிரப்புக என்றால் பத்துக்குப் பத்து வாங்குபவள். சுற்றிப் பார்த்தேன். அவள் எதிரே இருப்பது தேக்சா. கை இருப்பது வயிற்றில். ஆகவே ஆப்ஜெக்ட், பிரியாணி.

"இன்னும் திங்க முடியுமாம்மா. இன்னும் பிரியாணி வரும்னு எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. வயிறு ரொம்பல போல."

"அட, என் ராசாத்தி!" என்று கதீஜாம்மா பூரித்துப்போனார். "வெள்ளைக்காரி கோழிக்குஞ்சு மாதிரிக் கொறிப்பான்னு நெனச்சேன். போடுத்தா நல்லா!"

பெரிய மருமகள் ஒரு தொடையும் இரண்டு அகப்பைச் சோறும் வைத்தாள். துரைசாணியின் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "நோ, நோ, ப்ளீஸ்!" என்றாள்.

மருமகளின் கை அந்தரத்தில் நின்றது. "என்னத்தா, வேணாங்குது போல இருக்கே? மொகமும் சரியில்லயே" என்று கதீஜாம்மா குனிந்து பார்த்தார். "மலை ரோட்டுல வந்ததுல தலைகிலை சுத்துதா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எங்கே மூடினேன்? டபுள் நெகட்டிவ் என்ற பாடம் பளிச்சென்று வந்து நின்றது.

"இல்லம்மா. ஒரு நோ சொன்னாத்தான் வேணாம். ரெண்டு நோ சொன்னா ஒண்ணை ஒண்ணு அடிச்சுரும். வேணும்னு அர்த்தம். ப்ளீஸ்னு வேற சொல்லிட்டாங்க. தயவுசெஞ்சு போடுங்கன்னு கேக்குறாங்க."

"அப்பிடியா?" என்றார் கதீஜாம்மா, சந்தேகமாக. எழுதப் படிக்கத் தெரியாதவர், முதல் மார்க் வாங்கியவளிடம் என்ன சொல்லிவிட முடியும்? இன்னொரு அகப்பை விழுந்தது. "நோ, நோ, நோ, நோ!" என்றாள் துரைசாணி. நான் விரல்விட்டு எண்ணினேன். நான்கு. இரட்டைப்படை.

"ரெண்டு அகப்பை கேக்குறாங்க" என்றேன்.

கதீஜாம்மாவே கைப்பட ஒரு முட்டையை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனார். அவ்வளவுதான். துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். முற்றத்தை நோக்கி ஓடினாள். குறுக்கே நின்றது நான். கஞ்சி போட்ட என் வெள்ளைத் தாவணி மறுகணம் வெள்ளையாக இல்லை.

வீடே அலறியது. "யா அல்லா! துரைசாணிக்கு என்னமோ ஆகிப்போச்சு!" ஒருத்தி தண்ணீருக்கு ஓடினாள், ஒருத்தி விசிறிக்கு ஓடினாள், ஒருத்தி காரணமில்லாமல் ஓடினாள். வெளிக்கட்டிலிருந்து துரை ஓடிவந்து பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். அவர் உள்ளே வரக் கூடாது, மருமக்கள் வெளியே போகக் கூடாது. திரை மட்டும் இரண்டு பக்க மூச்சிலும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முடிந்தது. துரை தோல் வாங்க மாட்டார். ராவுத்தர் அப்பாவை வேலையை விட்டு நீக்குவார். இங்கிலாந்து ராணியே போலீஸை அனுப்புவார். எனக்கு மிச்ச ஆயுசு முழுக்கத் தக்காளிதான்.

பதறாமல் இருந்தவர் கதீஜாம்மா ஒருவர்தான். துரைசாணியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, முகத்தைக் கழுவிவிட்டார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அவள் கை இன்னமும் அடிவயிற்றிலேயே இருப்பதைப் பார்த்தார். அப்படியே நிமிர்ந்து, தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பெரிய வளைவு வரைந்தார். புருவத்தை உயர்த்தினார்.

துரைசாணி தலையாட்டினாள். கண்ணில் நீரோடு மூன்று விரலைக் காட்டினாள்.

"அடி என் தங்கமே! முழுகாம இருக்கா! மூணு மாசம்!"

அந்த வீட்டில் அதற்கப்புறம் கிளம்பிய சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிரியாணி பறந்து உள்ளே போனது. எலுமிச்சம்பழச் சாறு வந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது, மிளகு ரசமும் குழைந்த சோறும் வந்தன. துரைசாணி ஊறுகாயை ஒரு முறை நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். பிறகு துண்டு முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டாள். ரசச்சோற்றைக் கையாலேயே அள்ளி வழித்துச் சாப்பிட்டாள். சின்ன மருமகள் தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். திரைக்கு வெளியே ஏஜெண்ட் தவித்துக்கொண்டு, "உள்ள என்னாச்சுங்க?" என்று நாலாவது தடவையாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, நல்ல சேதிதான்! தகப்பனாருக்குத் தெரியுமான்னு கேளுங்க!" என்றார் கதீஜாம்மா.

தகப்பனாருக்குத் தெரிந்திருந்தது. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகுதான் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்தது.

"ஏத்தா லூர்து, இங்க வா. இம்புட்டு நேரமும் அந்தப் புள்ள ஒங்கிட்ட என்ன சொல்லுச்சு?"

"எதிர்பாக்குறேன்னு சொன்னாங்கம்மா."

"என்னத்த எதிர்பாக்குறன்னு கேட்டியா?"

"ஆப்ஜெக்ட் சொல்லலம்மா" என்று விசும்பினேன். "ட்ரான்ஸிட்டிவ் வெர்ப்புன்னா ஆப்ஜெக்ட் சொல்லணும்மா. அவங்கதான் சொல்லாம விட்டுட்டாங்க."

"வயித்து மேல கைய வச்சுக் காமிச்சாளேடி! அதுக்கு மேல என்னத்தச் சொல்லணும்?"

துரைசாணி என் அழுகையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். நாசமாய்ப்போன தாவணியைத் தொட்டு ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, மன்னிப்புக் கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. அவள் பேசியதில் நான் டென்ஸ் பார்க்காமல் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

கார் போனதும் அப்பாவைத் திரைக்கு வெளியே கூப்பிட்டு நிறுத்தினார்கள். ராவுத்தர் பக்கத்தில் நின்றார். திரைக்கு உள்ளே கதீஜாம்மா. நான் இரவல் தாவணியில், எதற்கும் தயாராக.

"அந்தோணி, ஒம் மகளுக்கு இங்கிலீஷ் ஒண்ணும் தெரியலப்பா."

"தெரியும்மா. எல்லாம் கேள்விப்பட்டேன்" என்ற அப்பாவின் குரல் தரையில் கிடந்தது. "மன்னிச்சுக்கங்க. இனிமே பொஸ்தகத்தையே தொட விடமாட்டேன். ஒட்டன்சத்திரத்துக்குச் சொல்லி அனுப்பிர்றேன்."

"யாரு அப்பிடிச் சொன்னா? அரைகொறையா நிக்கிதுன்னுல்ல சொல்றேன். பேரெல்லாம் தெரியுது, பேச்சு வெளங்கல. மிச்சத்தையும் படிக்கட்டும். மதுரைக்கு அனுப்பு."

அப்பா குழம்பிப்போனார். "அம்மா, அதுக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நீங்களே சொல்றீங்களே?"

"தெரிஞ்சிருந்தா எதுக்குப்பா படிக்கணும்?"

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு, "அதுவும் சரிதானப்பா" என்றார். துரை சரக்கை உறுதி செய்துவிட்டுப் போயிருந்ததால் அன்றைக்கு அவருக்கு எல்லாமே சரியாகத்தான் பட்டது. நான் ஜூலை மாதம் மதுரையில் பி.யு.சி. சேர்ந்தேன். மாமன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. அவரும் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறேழு மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு கவர் வந்தது. வளையல் போட்ட கையில் ஒரு குழந்தை இருக்கிற போட்டோ. கூடவே ஒரு கடிதம். விடுமுறைக்கு வந்திருந்த என்னைக் கூப்பிட்டனுப்பிப் படிக்கச் சொன்னார் கதீஜாம்மா. பெண் குழந்தை, இருவரும் சுகம், அந்த ஊறுகாய் எப்படிப் போடுவது என்று எழுதவும் என்றிருந்தது. படித்துச் சொன்னேன். "நல்லாப் பாத்தியா? பிரியாணி கேக்கலையே?" என்றார் அவர்.

நான் பிற்பாடு டீச்சராகி, முப்பது வருஷத்துக்கு மேல் இங்கிலீஷ் நடத்தினேன். ராமனுக்கு மாம்பழம் கொடுப்பதை நிறுத்தினேன். பிள்ளைகளை ஒருவரோடொருவர் பேசவிட்டு, அதற்கப்புறம்தான் எதற்கும் பெயர் சொன்னேன். ஊரில் எனக்கு நல்ல டீச்சர் என்று பெயர். கதீஜாம்மா வீட்டில் மட்டும் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. அங்கே எனக்கென்று ஓர் இலக்கணம் தனியாக இருக்கிறது. விருந்தாளி ஒரு தடவை "வேணாம்" என்றால் விட்டுவிடுவார்கள். அவசரத்தில் "வேணாம், வேணாம்" என்று சொல்லிவிட்டால் போச்சு, "லூர்து கிராமர்!" என்று கத்திக்கொண்டு இன்னோர் அகப்பை வைத்துவிடுவார்கள். கதீஜாம்மா காலமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. என்னைப் பார்த்தேயிராத பேரன் பேத்திகள்கூட, லூர்து என்பது ஏதோ இலக்கண ஆசிரியரின் பெயர் என்று நினைத்துக்கொண்டு பரிமாறுகிறார்கள்.

போன பெருநாளைக்கும் போயிருந்தேன். எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருக்கிறது. கொள்ளுப்பேரன் ஒருவன் அகப்பையோடு வந்து நின்றான். நான் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, நிதானமாக, விரல்விட்டு எண்ணி, மூன்று தடவை வேண்டாம் என்றேன்.